நீதி படிக்க ஒரு கல்லூரி

அக்காவோடு பசாருக்கு, அதாவது சந்தைக்கு, போனால் மீன் கிடைக்காது. மலாக்காவில் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் குடியிருக்கத் தொடங்கிய மூன்றாவது வாரத்திலேயே எனக்கு இது தெரிந்துவிட்டது. மற்றவர்கள் செவுளைத் தூக்கி நிறம் பார்ப்பார்கள். அக்கா மீன்காரரிடம், இந்த மீனைப் பிடித்தவர் யார், படகு யாருடையது, பிடித்தவருக்கு எத்தனை பங்கு, படகுக்காரருக்கு எத்தனை பங்கு என்று மலாயில் நிதானமாக விசாரிப்பார். மீன்காரர் நல்ல மனிதர், யோசித்துத்தான் பதில் சொல்வார். அவர் யோசிக்கிற நேரத்தில் பின்னால் நிற்கும் சீனத்தி மீனை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். நாங்கள் கத்தரிக்காயோடு திரும்புவோம். அக்கா அதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை.

"மீன் போனால் போகட்டும். விஷயம் விளங்கிட்டுதுதானே?" என்பார்.

முப்பதுகளின் நடுப்பகுதி அது. இருவரும் ஒரே பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். ரெம்பியாவில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகளான நான் அங்கே தையல் சொல்லிக் கொடுத்தேன். அக்கா சரித்திர ஆசிரியை. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பம், மதராசில் பி.ஏ. படித்தவர். என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவர், ஆனாலும் பார்த்த முதல் நாளே "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டேன். அந்த மூக்குக்கண்ணாடியை வேறு எப்படியும் கூப்பிட முடியாது. பிற்காலத்தில் அவரைப் பலருக்குத் தெரியும். இந்தியாவில் படித்துத் திரும்பி வந்து, ஜப்பான் சண்டைக் காலத்திலும் அதற்குப் பிறகும் தோட்டத்துப் பெண்களுக்காக அவர் அலைந்த அலைச்சலை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுதுவது, எங்கே போய்ப் படிப்பது என்று அவர் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த இரண்டு வருஷத்தைப் பற்றி மட்டும்தான். பெயரை எழுதவில்லை. எழுதினால், எந்த ஆதாரத்தை வைத்து எழுதினீர் என்று கேட்டு எனக்கு ஒரு கடிதம் வரும்.

அவருக்கு எதையும் உடனே தேர்ந்தெடுக்க வராது. தைப்பிங்கிலிருந்து ஒரு வரன் வந்தது. ரயில்வேயில் நல்ல உத்தியோகம். அக்கா அவருக்கு ஒன்பது கேள்விகள் எழுதி அனுப்பினார். அவர் ஏழுக்குப் பதில் எழுதினார். அழகான கையெழுத்து.

"ரெண்டை விட்டிட்டார்," என்றார் அக்கா.

"ஏழு சொல்லியிருக்காரே அக்கா. எங்க ஊர்ல மாப்பிள்ளைங்க ஒண்ணுக்குக்கூடச் சொல்ல மாட்டாங்க."

"அந்த ரெண்டும்தான் கேள்வி. மற்ற ஏழும் அவருக்குக் கூச்சம் வராமல் இருக்கப் போட்டது."

அந்த இரண்டு கேள்விகள் என்னவென்று அவர் சொல்லவில்லை. வரன் வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

ஏழைகளுக்கு உதவுவதைக் கல்லூரியில் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள், பி.ஏ. முடித்தவர்கள் அதற்கும் மேலே போய்ப் படிக்கலாம் என்று ஏதோ ஒரு சஞ்சிகையில் அக்கா படித்தார். அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசை போயிற்று. லண்டன், அமெரிக்கா, இந்தியா என்று எங்கெங்கோ கடிதம் எழுதிப் பிராஸ்பெக்டஸ் வரவழைத்தார். கப்பல் தபால் வரும் நாளில் மேசையில் தட்டு வைக்க இடமிருக்காது. நாங்கள் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மேசையில் உலகத்து ஏழைகளெல்லாம் வழவழப்பான தாளில் படுத்திருந்தார்கள்.

அக்காவிடம் இரண்டு பென்சில்கள் இருந்தன. தர்மம், இரக்கம், முன்னேற்றம், சுகாதாரம் என்று வரும் இடங்களில் சிவப்பில் கோடு. நீதி என்று வருமிடத்தில் நீலத்தில் கோடு. நான்கு மாதத்தில் சிவப்புப் பென்சில் தேய்ந்து கட்டைவிரல் அளவுக்கு வந்துவிட்டது. நீலப் பென்சிலை வாங்கின நாளில் சீவியதோடு சரி.

"இதைப் பாரும்," என்று ஒருநாள் லண்டன் புத்தகத்தை நீட்டினார். "ஏழை வீட்டுக்குப் போகும்போது எப்பிடிப் போறது எண்டு பன்னிரண்டு விரிவுரை. உட்காரச் சொல்லாமல் உட்காரக் கூடாதாம்."

"நல்ல விஷயந்தானே அக்கா?"

"அந்த வீட்டில் ஏன் நாற்காலி இல்லை எண்டு ஒரு விரிவுரையும் இல்லை."

அமெரிக்கப் புத்தகத்தில் வேறு சங்கடம். அங்கே உதவி கேட்டு வருகிறவருக்குப் பெயர் கேஸ். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று என்னிடம் கேட்டார்.

"கேஸுன்னா நமக்குப் போலீஸ் கேஸுதான் அக்கா."

அக்கா அதை நோட்டில் குறித்துக்கொண்டார். அடுத்த தபாலில் அந்தக் கல்லூரிக்கு, தமிழர்கள் இந்தச் சொல்லைக் கேட்டால் ஓடிவிடுவார்கள் என்று எழுதிப் போட்டார். அவர்கள் நன்றி சொல்லி இன்னொரு பிராஸ்பெக்டஸ் அனுப்பினார்கள்.

கடைசியில் மூன்று மிஞ்சின. லண்டனில் ஒன்று, அமெரிக்காவில் ஒன்று, இந்தியாவில் புதிதாகத் தொடங்கியிருந்த ஒன்று. மூன்று விண்ணப்பத்திலும் ஒரே மாதிரி மூன்று விஷயம் கேட்டிருந்தார்கள். ஏழைகளோடு நேரில் பழகிய அனுபவம் இருக்கிறதா? அதைக் கண்ணால் பார்த்த பொறுப்புள்ள ஒருவரின் சாட்சிக் கடிதம் எங்கே? இந்தப் படிப்பு உங்களுக்கு எதற்கு?

மூன்றாவதற்கு அக்கா ஏற்கெனவே ஏழு பக்கம் எழுதி வைத்திருந்தார். முதலாவதற்குத்தான் வழி தெரியவில்லை.

"எனக்கு ஏழைகளோட பழக்கம் இல்லையே," என்றார். ஏதோ பாத்திரம் தேய்க்கும் தேங்காய் நார் தீர்ந்துபோன மாதிரி சொன்னார்.

இதற்கு அவரே ஏற்பாடு செய்துகொண்டார். நியாலாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் துரைக்குக் கடிதம் எழுதினார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தோட்டத்துப் பெண்களோடு பேச அனுமதி வேண்டும், முடிவில் ஒரு சாட்சிக் கடிதமும் வேண்டும். கை கழுவுவதையும் பல் விளக்குவதையும் சொல்லித்தர வருகிறாள் என்று துரை நினைத்திருக்க வேண்டும். உடனே சம்மதித்தார். கடிதமும் தருவதாக எழுதினார்.

ஞாயிறுதோறும் ஜாசின் வரை பஸ், அங்கிருந்து வாடகைக் கார், கடைசி இரண்டு மைல் செம்மண் சாலையில் நடை. துணைக்கு நானும் போனேன். அக்காவின் கையில் நாற்பத்திரண்டு கேள்விகள் இருந்தன. கோயில் கொட்டகையில் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். வரச் சொல்லி, வேலை மேய்க்கும் மண்டோர் சத்தம் போட்டிருந்தார், வராமல் என்ன செய்வார்கள்?

முதல் நாள் முதல் கேள்வியிலேயே தகராறு. அக்கா தன் யாழ்ப்பாணப் பேச்சில், முன்னால் இருந்த ஒருத்தியைப் பார்த்து, "நீர் எத்தனை மணிக்கு எழும்புறனீர்?" என்று கேட்டார்.

"நீருன்னா தண்ணிதானே மிஸ்ஸி?" என்றாள் அவள். "தண்ணி நாலு மணிக்கு வரும். நாங்க மூணரைக்கே எழுந்திருச்சிருவோம்."

கொட்டகை முழுக்கச் சிரித்தது. அவள் பெயர் காத்தாயி. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். இருபத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அக்கா சிரிக்கவில்லை. தண்ணீர் நான்கு மணிக்கு வருகிறது என்பதை எழுதிக்கொண்டார்.

"ஓய்வு நேரத்தில் என்ன செய்யிறனீர்?"

"அப்படின்னா?"

"வேலை இல்லாத நேரம்."

"தூங்குவோம் மிஸ்ஸி. தூங்கறதையும் எழுதணுமா?"

"எழுதத்தான் வேணும். உமக்கு இருக்கிற குறைகளை முக்கியமான வரிசையில் சொல்லும்."

"வரிசையாவா? காலையில பெரட்டுல ஆளுங்க நிக்கிற மாதிரியா?" காத்தாயி திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். "ஏய், ஒங்க குறையெல்லாம் வரிசையில வந்து நிக்கச் சொல்லுங்கடி. மிஸ்ஸி பேர் கூப்பிடப் போறாங்க."

எனக்கு அவமானமாக இருந்தது. திரும்பி வரும்போது, "உங்களைக் கிண்டல் பண்ணுதுங்க அக்கா, விட்டுருங்க," என்றேன்.

"பண்ணட்டும். பதிலும் சொல்லுதுகள்தானே."

அது உண்மைதான். ஐந்தாறு ஞாயிறுகளுக்குப் பிறகு மண்டோர் சத்தம் போடாமலே வந்தார்கள். யாரும் அதுவரை அவர்களிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை. அக்கா இருந்தார். ஒருத்தி யோசித்தால் பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். காத்தாயி கிண்டலை விட்டுவிட்டு உள்ளதைச் சொல்ல ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் சொன்னார்கள்.

இப்படிப் பத்து ஞாயிறு போன பிறகு, தோட்டத்தைப் பார்வையிட அரசாங்கத்துத் தொழிலாளர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. வழக்கமாக மொழிபெயர்க்கும் தோட்டத்துக் கணக்கர், கிராணி, மலேரியாவில் படுத்திருந்தார். துரை அக்காவைக் கூப்பிட்டு, நீங்கள் மொழிபெயர்த்தால் உங்கள் கடிதத்தில் அதையும் சேர்த்து எழுதுகிறேன் என்றார்.

"சொல்லுக்குச் சொல் சொல்ல வேணுமா?" என்று அக்கா கேட்டார்.

"சாரம் போதும்," என்றார் துரை.

வெளியே வந்ததும் அக்கா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னிடம், "சாரம் எண்டால் எதை விடுறது?" என்றார். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

வந்த அதிகாரி புதியவர், இளைஞர். தமிழ் படித்திருந்தார். யாரிடம் படித்தாரோ, பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்ற பெண்களைப் பார்த்து, "நங்கையீர், நீவிர் யாவரும் நலமுடன் வாழ்கின்றீரோ?" என்றார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதோடு அவருடைய தமிழ் முடிந்தது. மேற்கொண்டு அக்காதான்.

வீடு, தண்ணீர், மருந்து என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே போனார். பெண்கள் துரையின் முகத்தைப் பார்த்துவிட்டு "இருக்குங்க, இருக்குங்க" என்றார்கள். பிறகு, நீங்கள் வேலைக்குப் போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயா இருக்கிறாளா என்று கேட்டார். அக்கா தமிழில் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வதுபோலவே அசையாமல் காத்திருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது காத்தாயியை.

"இருந்தா மிஸ்ஸி," என்றாள் காத்தாயி. "மூணு மாசமா அவளப் புல்லு வெட்ட அனுப்பிட்டாங்க. நாங்க மரத்துல தூளி கட்டிப் புள்ளைங்களப் போட்டுட்டுத்தான் பால் வெட்டுறோம். எம்புள்ள மொகத்த எறும்பு கடிச்சு வச்சிருக்கு, பாருங்க."

அக்கா ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். 'பாருங்க' என்பதையும் சொன்னார். அதிகாரி பார்த்தார். துரை ஆங்கிலத்தில் ஏதோ சிரித்துக்கொண்டே சொன்னார். அதை யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. ஆனால் அக்காவுக்கு மொழிபெயர்ப்பு என்றால் இரண்டு பக்கமும்தான்.

"நீர் கூட்டிச் சொல்லுறீராம். துரை சொல்லுறார்," என்றார் காத்தாயியிடம்.

காத்தாயி குழந்தையை இடுப்பிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தாள். கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், உதட்டோரம் எல்லாம் தடித்துப் பொரிந்திருந்தது. "இதயும் கூட்டியா காட்டுறேன்? தொரையக் கேட்டுச் சொல்லுங்க மிஸ்ஸி."

அக்கா கேட்டார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்த வாரத்துக்குள் ஆயா மறுபடியும் பிள்ளைக் கொட்டகைக்கு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டோம். அக்கா இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தார். நீலப் பென்சிலை எடுத்து, தன்னுடைய நோட்டிலேயே ஒரு இடத்தில் கோடு போட்டதைப் பார்த்தேன்.

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. காத்தாயி நின்றாள். இடுப்பில் குழந்தை, தலையில் மூட்டை. அவள் புருஷன் உள்ளே வரக் கூச்சப்பட்டுப் பானை சட்டிகளோடு வாசல் கேட்டிலேயே நின்றுவிட்டான். வேலை குறைந்துவிட்டது என்று சொல்லி நோட்டீஸ் கொடுத்து, லயத்து வீட்டைக் காலி பண்ண வைத்திருக்கிறார்கள். அந்தத் தோட்டத்திலேயே வேலை குறைந்தது அவர்கள் இருவருக்கு மட்டும்தான்.

அவள் கோபமாக வரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நான் சொன்னத ஒண்ணு விடாம சொன்னீங்க மிஸ்ஸி. தப்பே இல்ல," என்றாள். "இப்ப நாங்க எங்க படுக்கறதுன்னும் சொல்லுங்க."

அக்கா எதையோ தேடுகிறவர் மாதிரி மேசைப் பக்கம் திரும்பினார். நாற்பத்திரண்டு கேள்விகளும் அங்கேதான் இருந்தன. இந்தக் கேள்வி அதில் இல்லை. அந்தக் கணத்தில் எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் மறைக்க மாட்டேன். மீன் போனால் போகட்டும், விஷயம் விளங்கிற்று என்று இதற்கும் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.  மேசையிலிருந்த லண்டனையும் அமெரிக்காவையும் இரண்டு கையாலும் வாரித் தரையில் போட்டார். மேசையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் மறுமுனையைப் பிடித்தேன். அதைப் பின்கட்டுக்குத் தூக்கிப் போனதும் முன்னறை காலியாயிற்று. அங்கே அவர்கள் படுத்தார்கள்.

நான்கு மாதம் எங்களோடு இருந்தார்கள். என் அப்பா தன் கடைக்குச் சாமான் வாங்க வரும் கங்காணி ஒருவரிடம் சொல்லி, ரெம்பியா பக்கத்துத் தோட்டமொன்றில் இருவருக்கும் வேலை பிடித்துக் கொடுத்தார். அந்த நான்கு மாதமும் மீன் வாங்கக் காத்தாயிதான் போனாள். ஒரு கேள்வியும் கேட்க மாட்டாள். விரலால் ஒரு அழுத்து, அவ்வளவுதான். நாங்கள் நன்றாகச் சாப்பிட்டோம்.

இதற்கு நடுவில் அக்கா செய்த ஒரு காரியத்தை யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. மறுபடியும் நியாலாஸுக்குப் போய்த் துரையிடம் சாட்சிக் கடிதம் கேட்டார்.

"உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா அக்கா?" என்று கேட்டேவிட்டேன்.

"தாறன் எண்டு சொன்னவர்தானே."

துரையும் ஒரு வகையில் வாக்குத் தவறாதவர். எழுதிக் கொடுத்துவிட்டார். அக்கா வாசித்துக் காட்டியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. 'இந்தப் பெண்மணி வருவதற்கு முன்பு என் தோட்டத்தில் யாருக்கும் எந்தக் குறையும் இருந்ததில்லை. ஏழைகளுக்கு அருகில் இவரை விடுவதை நான் எவருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.'

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டாம் தடவை படித்தார். "கண்ணால் பார்த்த பொறுப்புள்ள ஒருவர். வேறென்ன வேணும்?" என்றார். பள்ளிக்கூட டைப்ரைட்டரில் மூன்று பிரதி எடுத்து மூன்று விண்ணப்பத்தோடும் வைத்தார். பிறகு, இந்தப் படிப்பு உங்களுக்கு எதற்கு என்ற கேள்விக்கு எழுதி வைத்திருந்த ஏழு பக்கத்தையும் கிழித்தார். நீதி என்ற சொல் அதில் இருபது இடத்திலாவது வந்திருக்கும். அந்த இடத்தில் புதிதாக எழுதியதை எனக்குத் தமிழில் சொன்னார்.

"உள்ளதைச் சொல்ல வைச்சு ஒரு குடும்பத்துக்கு வீடில்லாமல் செய்துபோட்டன். அடுத்த முறை அப்பிடி நடக்காமல் எப்பிடிச் செய்யிறது எண்டு எனக்குத் தெரியேல்லை."

லண்டனிலிருந்து, தங்களிடம் நயம் போதாது என்று தோன்றுகிறது, சில வருஷம் கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று நயமாக எழுதியிருந்தார்கள். அமெரிக்காக்காரர்கள் அந்தத் துரைக்கு மனச்சங்கடம் ஏதும் இருக்கிறதா, அவரை ஒரு கேஸாக எடுத்து ஆராய முடியுமா என்று விசாரித்திருந்தார்கள். இந்தியாவிலிருந்து அரைத் தாளில் பதில் வந்தது. வாருங்கள், எங்களுக்கும் அது தெரியாது, சேர்ந்து பார்க்கலாம் என்று எழுதியிருந்தது. எங்கேயும் நீதி என்ற சொல் இல்லை. கோடு போட ஒன்றுமில்லாத அந்தத் தாளை அக்கா ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். அன்றைக்கே சம்மதம் எழுதித் தபாலில் போட்டார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக எதையும் தேர்ந்தெடுத்து நான் பார்த்ததில்லை.

இந்தியாவுக்குக் கப்பல் மாறப் பினாங்குக்குப் போக வேண்டும். அந்தக் கப்பல் கரையிலிருந்து தள்ளித்தான் நிற்கும். ஆற்றுமுகத்திலிருந்து தொங்கான் படகில் ஏறிப் போக வேண்டும். வழியனுப்ப நானும், ரெம்பியாவிலிருந்து பஸ் ஏறி வந்த காத்தாயியும் நின்றோம். குழந்தைக்கு நடை வந்துவிட்டது. கன்னத்தில் எறும்பு கடித்த இடங்கள் புள்ளி புள்ளியாக வெளுத்திருந்தன.

"எத்தன வருஷம் மிஸ்ஸி?"

"ரெண்டு."

"படிச்சு முடிச்சா என்னா வேல?"

"உங்களை மாதிரி ஆக்களுக்கு உதவி செய்யிறது."

காத்தாயி கடலைப் பார்த்தாள், கப்பலைப் பார்த்தாள். "எங்களுக்கு உதவி பண்றதுக்கு எதுக்குக் கப்பலு? பஸ்ஸு ஏறுனா முக்கா மணி நேரத்துல எங்க லயத்துக்கு வந்திரலாமே."

நான் சிரித்துவிட்டேன். தொங்கான்காரர் கூப்பிட்டார். அக்கா பெட்டியைக் கீழே வைத்தார்.

"பஸ் ஏறித்தானே முதல் வந்தனான், காத்தாயி," என்றார்.

காத்தாயி குனிந்து குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அதன் முகத்தை முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள். பிறகு மற்றொரு கையால் அக்காவின் பெட்டியை எடுத்துத் தொங்கான்காரரிடம் கொடுத்தாள்.

"அப்ப போயிட்டு வாங்க மிஸ்ஸி," என்றாள். "நல்லாவே படிச்சுட்டு வாங்க."